விளையாட்டு சிகிச்சை என்றால் முழங்காலுக்கா, மனசுக்கா?

மெய்ப்புப் பார்க்க ஒரு பாடத்திட்ட அறிமுகம் வந்தது. முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு வரி: 'கலை, இசை மற்றும் விளையாட்டு சிகிச்சை கல்லூரி பயிற்சியாளர்கள்'. வாசித்தவுடன் என் கண்முன் வந்து நின்றவர் மைதானத்து ஓரத்தில், கழுத்தில் விசிலும் கையில் ஐஸ் பையுமாக, சுளுக்கிய முழங்காலை நோக்கி ஓடுகிறவர். ஆங்கில மூலத்தைப் புரட்டிப் பார்த்தால் அங்கே இருப்பது 'ப்ளே தெரபி', ஆளும் வேறு ஆள். பேச வராத, பேச விரும்பாத ஒரு குழந்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பொம்மை வீட்டையும் மணல் தட்டையும் வைத்துக்கொண்டு அதன் மனக்காயத்தோடு வேலை செய்வது எப்படி என்று கல்லூரியில் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்.

இந்த 'விளையாட்டு சிகிச்சை'யை இதுவரை எத்தனை இடத்தில் திருத்தியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. திருத்தினால் மறுபடி முளைக்கிறது. அதனால்தான் ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் தெரபி. கிரேக்கத்தில் 'தெரபெயா' என்றால் பணிவிடை, உடனிருந்து கவனித்தல். அதைச் செய்கிறவன் 'தெரபோன்'. இலியட் காப்பியத்தில் அகில்லெசுக்குப் பட்ரோக்ளஸ் தெரபோன். அவன் வைத்தியன் அல்லன், கூடவே நிற்கிற துணைவன். கூட நின்று கவனிப்பது என்ற பொருளிலிருந்துதான் நோயைக் கவனிப்பது என்ற பொருள் கிளைத்தது. நம் 'சிகிச்சை' வடமொழிச் 'சிகித்ஸா'. கவனித்தல், உணர்தல் என்று பொருள்படும் 'சித்' என்ற வேரின் விழைவு வடிவம் அது. கவனிக்க விரும்புதல் என்று பிரித்துச் சொல்லலாம். ஆக, இரண்டு சொல்லும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவைதான். எனக்குச் சிகிச்சையோடு சண்டை இல்லை.

சண்டை உள்ளவர்கள் இருக்கிறார்கள். 'பண்டுவம்' என்று எழுது என்பார்கள். நல்ல சொல்தான், பண்டுவம் பார்ப்பது என்று பேச்சிலும் உண்டு. ஆனால் அதன் வாசனை பச்சிலையும் பற்றும் கட்டும். ஒரு பிள்ளை மத்தளத்தில் கோபத்தைக் கொட்டுவதையும் எதிரே ஒருவர் அந்தத் தாளத்தைப் பிடித்து அதனுடனே போவதையும் 'இசைப் பண்டுவம்' என்று எழுதிப் பாருங்கள். சொல் தூய்மையாக இருக்கிறது, காட்சி ஓடிப்போய்விடுகிறது.

அப்புறம் 'மருத்துவம்'. இதில்தான் உண்மையான கேடு. மருத்துவம் மருந்திலிருந்து வந்த சொல். 'விளையாட்டு மருத்துவம்' என்பதை ஏற்கெனவே வீரர்களின் தசைநாரும் எலும்பும் பார்க்கும் துறை எடுத்துக்கொண்டது. அது சரியான பெயர், அவர்களே வைத்துக்கொள்ளட்டும். 'இசை மருத்துவம்' கொஞ்சம் நுணுக்கமான விஷயம். அறுவைக்கு முன் நோயாளியின் பதற்றம் குறைய, பதிவு செய்த இசையைக் காதில் போட்டுவிடுவது ஒன்று. செவிலியரே செய்துவிடலாம். அதற்குத் துறைக்குள்ளேயே 'மியூசிக் மெடிசின்' என்று தனிப்பெயர் உண்டு, அதைத் தமிழில் இசை மருத்துவம் என்றால் பொருந்தும். பயிற்சி பெற்ற ஒருவர் வாரக்கணக்கில் ஒரு மனிதரோடு சேர்ந்து வாசித்து, பாடி, மௌனமாக இருந்து, அந்த உறவுக்குள் மாற்றம் நடப்பது வேறொன்று. இதுதான் மியூசிக் தெரபி. 1959-இல் கூட்டுச் சேர்ந்த பால் நார்டாஃப், கிளைவ் ராபின்ஸ் இருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் இசையமைப்பாளர், இரண்டாமவர் சிறப்புக் குழந்தைகளின் ஆசிரியர். அவர்கள் குழந்தைக்கு இசையை 'ஊட்ட'வில்லை. குழந்தை எழுப்பும் ஒலி எதுவோ, அழுகையே ஆனாலும், அதை எடுத்து அந்தக் கணத்திலேயே இசையாக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். இதில் மருந்து எங்கே?

ஆனால் தமிழில் இசை மருத்துவம் என்று தேடினால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த ராகம் சர்க்கரைக்கு, அந்த ராகம் ரத்த அழுத்தத்துக்கு, இன்னொன்று மூட்டுவலிக்கு. ராகத்தை மாத்திரை மாதிரி பட்டியல் போட்டுவிடுகிறார்கள். பெயரில் மருந்து இருந்தால் வாசகர் வேளை எத்தனை, அளவு எவ்வளவு என்றுதானே கேட்பார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொரு போட்டிச் சொல் 'ஆற்றுப்படுத்தல்'. இலங்கைத் தமிழில் நன்றாகப் புழங்குவது. அழகான சொல், ஆனால் பாதிப்பேர் தவறான காரணத்துக்காக அதை விரும்புகிறார்கள். புண் ஆறுவது, மனம் ஆறுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் இருக்கும் ஆறு, வழி. பரிசில் பெற்று வருகிற பாணன் எதிரே வருகிற பாணனுக்கு 'இப்படிப் போ, அந்த வள்ளலைப் பார்' என்று வழிகாட்டுவதுதான் ஆற்றுப்படை. ஆலோசனை வழங்கும் தொழிலுக்கு இது பொருந்தும். வழியைக் குழந்தையே காட்ட, பெரியவர் பின்னால் போகும் தொழிலுக்கு நேர் எதிர். சிலர் அதைச் சுருக்கி 'இசை ஆற்றுகை' என்கிறார்கள். அதே இலங்கைத் தமிழில் 'ஆற்றுகை' என்றால் அரங்கில் நிகழ்த்துவது. இசை ஆற்றுகை என்றால் கச்சேரி!

தமிழில் தெரபோனுக்கு மிக நெருங்கிய சொல் எது என்று கேட்டால் நான் திருக்குறளைத் திறப்பேன். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் நால்வகை சொல்கிறது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நோயாளி, வைத்தியர், மருந்து, நான்காவதாகப் பக்கத்திலேயே இருந்து கவனிப்பவர். உழை என்றால் பக்கம். தீர்ப்பானையும் உழைச்செல்வானையும் வள்ளுவர் வேறு வேறு ஆளாக வைத்திருக்கிறார் பாருங்கள். நாம்தான் இரண்டையும் குழப்பி, உழைச்செல்பவருக்கும் தீர்ப்பானின் சட்டையை மாட்டிவிடுகிறோம். இதை வைத்துப் புதுச்சொல் ஒன்று செய்யலாமா என்று ஆசை வந்தது. 'இசையுழை', 'உழைமை' என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். உழைப்பு என்றுதான் வாசிப்பார்கள். கிழித்துப் போட்டுவிட்டேன்.

சரி, சிகிச்சையே இருக்கட்டும். அப்படியானால் 'விளையாட்டு சிகிச்சை'யில் என்ன பிழை? ஒன்று, ஒற்று. வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் ச் மிக வேண்டும், 'விளையாட்டுச் சிகிச்சை'. ஒற்றைப் போட்டுவிட்டால் தீர்ந்ததா என்றால், இல்லை. இந்தத் தொகை எதை விழுங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி. பல் சிகிச்சை பல்லுக்குச் செய்வது. கதிர்வீச்சுச் சிகிச்சை கதிர்வீச்சால் செய்வது. தீக்காயச் சிகிச்சையைத் தீக்காயத்தால் செய்ய மாட்டார்கள் என்று நமக்கு முன்பே தெரியும், அதனால் குழப்பமில்லை. விளையாட்டுச் சிகிச்சை என்றால்? விளையாட்டில் பட்ட அடிக்கா, விளையாட்டால் செய்வதா? உருபும் பயனும் உடன்தொக்க தொகையில், அதாவது வேற்றுமை உருபும் அதன் பொருளை விளக்கும் சொல்லும் மறைந்து நிற்கும் தொடரில், எதைத் தொக்கவைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. கேட்பவர் தானாக விரித்துக்கொள்ள முடிவதைத்தான் விழுங்கலாம்.

இங்கே கேட்பவர் விரிக்கும் திசையும் தவறாகத்தான் இருக்கும். விளையாட்டு என்ற சொல் முன்னால் நின்று இன்னொரு பெயரைப் பிடித்துக்கொண்டால், இப்போது பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ்தான். விளையாட்டுத் துறை, விளையாட்டுச் செய்தி, விளையாட்டு விடுதி, விளையாட்டு வீரர். குழந்தை தனக்குத்தானே பேசிக்கொண்டு தீப்பெட்டியை ரயிலாக்கும் விளையாட்டு 'விளையாட்டுப் பிள்ளை', 'விளையாட்டுத்தனம்' என்று இரண்டொரு தொகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவையும் பொறுப்பில்லாதவன் என்று திட்டத்தான். ஒரு காலத்தில் தமிழுக்கு இதில் பஞ்சமே இல்லை. மணலில் வீடு கட்டினால் சிற்றில், பாவை வைத்து ஆடினால் வண்டல், மகளிர் கூடி ஆடினால் ஓரை. எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு ஒரே சொல்லில் ஒலிம்பிக்கையும் சொப்புச் சாமானையும் அடைத்திருக்கிறோம்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் விளையாட்டை 'அல்லல் நீத்த உவகை' பிறக்கும் நான்கு களங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ப்ளே தெரபி அறையில் அல்லல் நீங்குவதில்லை, அல்லல்தான் விளையாட வருகிறது. விபத்தைப் பார்த்த குழந்தை இரண்டு பொம்மைக் கார்களை மோதவிடும், மறுபடி மோதவிடும், நாற்பது தடவை மோதவிடும். 1947-இல் இந்தத் துறைக்கு அடிப்படை நூல் எழுதிய வர்ஜீனியா ஆக்ஸ்லைன் எட்டு நெறிகள் வகுத்தார். அவற்றில் ஒன்று, குழந்தையின் செயலையோ பேச்சையோ பெரியவர் நடத்திச் செல்லக்கூடாது; குழந்தை முன்னே போகும், இவர் பின்னே போவார் என்பது. இந்தத் தொழிலில் செய்யக் கூடாது என்று சொல்லித்தரப்படுவது முன்னின்று நடத்துவதை; 'பயிற்சியாளர்' என்ற சொல் அதைத்தான் சொல்கிறது.

என் பரிந்துரை எளியது: 'வழி'. விளையாட்டுவழிச் சிகிச்சை, இசைவழிச் சிகிச்சை. தமிழ்வழிக் கல்வி என்றால் தமிழைப் பற்றிய கல்வி என்று யாரும் நினைப்பதில்லை, தமிழ் ஊடகம் என்று புரிந்துகொள்கிறார்கள். அதே வேலையை இங்கேயும் அந்தச் சொல் செய்யும். ஓரசை கூடுகிறது என்று பக்க வடிவமைப்பவர்கள் முனகலாம். முனகட்டும்.

'கலை' இன்னொரு தொல்லை. ஆர்ட் தெரபி என்ற பெயரை 1942-இல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர், காசநோய்க்குப் படுத்திருந்தபோது வரைந்து வரைந்து தேறியவர். அன்று முதல் அந்தப் பெயர் குறிப்பது வரைதல், வண்ணம், களிமண் போன்றவற்றை. இசையும் நாடகமும் நடனமும் சேர்ந்த மொத்தக் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் பன்மை போட்டு வேறுபடுத்துவார்கள். நமக்கு ஒருமை பன்மை அங்கே உதவாது. கலை என்றால் எல்லாம்தான். கலைக் கல்லூரியில் பொருளியலும் வரலாறும்கூடக் கலைதான். ஆகவே தனித்துறையைக் காட்சிக்கலைவழிச் சிகிச்சை என்றும் குடும்பத்தைக் கலைவழிச் சிகிச்சைகள் என்றும் சொல்வேன். முதலாவது நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். 'ஓவியச் சிகிச்சை' என்றால் களிமண்காரர்கள் கோபிப்பார்கள். அதோடு, பழைய சுவரோவியத்துக்கு விரிசல் அடைப்பது போலவும் கேட்கிறது.

'வழி'க்கும் ஒரு மறுப்பு இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. அமெரிக்காவில் ஆர்ட் தெரபியின் முன்னோடிகளில் இருவரைப் பாருங்கள். மார்கரெட் நாம்பர்க்குக்கு ஓவியம் என்பது ஆழ்மனத்தில் இருப்பது வெளியே வரும் வழி. ஈடித் கிராமருக்கோ வரைவதே மருந்து, அது வேறெங்கும் போகும் பாதை அன்று. கிராமர் பக்கத்தவர் என் சொல்லைக் கேட்டால் 'நாம்பர்க்குக்கு ஓட்டுப் போட்டுவிட்டாய்' என்பார்கள். உண்மைதான். இருந்தாலும் முழங்காலுக்கும் மனசுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்த பிறகு நாம்பர்க்கா கிராமரா என்று சண்டை போடுவோம்.

கடைசியாக அந்தக் 'கல்லூரி பயிற்சியாளர்'. வேறு சிலர் 'கல்வியாளர்' என்று எழுதுகிறார்கள். கல்வியாளர் என்றால் கல்விக் கொள்கை பற்றித் தொலைக்காட்சியில் பேசுகிறவர். ஒருவர் ஒரு படி மேலே போய் 'சிகிச்சையாசிரியர்' என்று ஆக்கியிருந்தார். பார்க்க அழகு, ஆனால் ஆபத்து. சிகிச்சையைக் கற்பிக்கும் ஆசிரியரா, சிகிச்சை செய்யும் ஆசிரியரா? இந்தத் துறைகளில் மாணவர்களும் வகுப்பில் உட்கார்ந்து வரைவார்கள், வாசிப்பார்கள், பொம்மையோடு விளையாடுவார்கள்; அப்போது அவர்கள் சொந்தக் காயமும் மேலே வரும். அதைக் கவனிக்க வேண்டியவர் வெளியே வேறொரு சிகிச்சையாளர். மதிப்பெண் போடுகிற ஆசிரியரே மாணவருக்குச் சிகிச்சையாளராகக் கூடாது என்பது தொழிலறம். துறை அவ்வளவு கவனமாகப் போட்ட கோட்டைச் சொல்லே அழித்தால் எப்படி? 'இசைவழிச் சிகிச்சை கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர்' என்று வினையைப் போட்டுச் சொன்னால் போதும். மொழிபெயர்ப்பவர்களுக்கு வினை என்றாலே ஏனோ பயம். ஐந்து பெயர்ச்சொல்லைக் கோத்து நடுவில் ஒரு 'மற்றும்' வைத்தால்தான் திருப்தி.

இந்தப் பட்டங்கள் சும்மா கிடைப்பவையும் அல்ல. பிரிட்டனில் ஆர்ட் தெரபிஸ்ட், மியூசிக் தெரபிஸ்ட் என்ற பெயர்களைப் பதிவு இல்லாதவர் போட்டுக்கொள்ளச் சட்டம் விடாது. அமெரிக்காவில் இசைவழிச் சிகிச்சை இளநிலைப் பட்டத்துக்கே குறைந்தது 1200 மணி நேரக் களப்பயிற்சி. தமிழில் மட்டும் யார் வேண்டுமானாலும் ஒரு வீணைப் படத்தைப் போட்டு இசை மருத்துவர் ஆகிவிடலாம்.

திருத்தங்களை எல்லாம் எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: 'வழி' நன்றாக இருக்கிறது, சேர்த்துவிட்டோம், நன்றி ஐயா. இணைப்பைத் திறந்து பார்த்தேன். 'விளையாட்டு வழி சிகிச்சை' என்று இருந்தது. ச் இல்லை.