இரண்டாவது இழுப்பு

தைப்பூசத்துக்கு முந்தின நாள். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கொண்டுபோக மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருந்தேன். காம்போடு காம்பு எதிரெதிராக இரண்டிரண்டு பூ வைத்து, நூலைச் சுற்றி, கண்ணியிட்டு ஓர் இழுப்பு. உடனே இன்னொரு இழுப்பு.

"எதுக்குடி ரெண்டு தடவ இழுக்கிற?" என்றார் அம்மா.

"பாட்டி சொல்லிக்கொடுத்தது அப்படித்தான்."

"உன் பாட்டி ஒரே இழுதான் இழுப்பாங்க. இது அந்தக் குவீன் தெருப் பூக்கடை அக்காவோட கை."

ஆறாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், பினாங்கு லிட்டல் இந்தியாவில் ஒரு பூக்கடையில் நாளுக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தேன். அந்த அக்காவின் முகம்கூட ஞாபகமில்லை. 'உன் வாழ்க்கையில் உன்னை அதிகம் பாதித்தவர் யார்?' என்று எப்போது கேட்டாலும் பாட்டி பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன். கை வேறு சாட்சி சொல்கிறது.

இது எப்படி நடக்கும்? 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த மூளை அறுவை செய்தார்கள். நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் இருபுறமும் ஒரு பெரிய துண்டு போயிற்று. அதன்பிறகு புதிதாக நடப்பவற்றை அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு வேலை கொடுத்தார்: கையை நேரே பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் ஒன்றின் கோட்டைத் தொடர்ந்து வரைய வேண்டும். முதல் நாள் பென்சில் கண்டபடி ஓடியது. மூன்றாம் நாள் கோடு சுத்தமாக வந்தது. ஆனால் அதை முன்பு செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. கைப்பழக்கத்தை மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியாவும் சிறுமூளையும் பார்த்துக்கொள்கின்றன. 'யார், எங்கே, எப்போது' என்ற கதை ஹிப்போகேம்பஸ் கணக்கு. முதல் கணக்கு நிற்க இரண்டாவது தேவையில்லை.

நமக்கு ஹிப்போகேம்பஸ் நன்றாகவே இருக்கிறது. இருந்தும் எங்கிருந்து கற்றோம் என்பது நழுவும். நான்கு வயதுப் பிள்ளைக்குப் புதுச் செய்தி ஒன்றைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து 'இது எப்போதிலிருந்து தெரியும்?' என்று கேட்டுப் பாருங்கள். 'எனக்கு எப்பவோ தெரியும்' என்று சொல்ல நிறைய வாய்ப்பு உண்டு. ஆய்வாளர்களும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். (என் வீட்டில் நாற்பது வயதுக்காரர் ஒருவரும் இப்படித்தான்.)

சரி, கற்றதும் மறந்ததும் புரிகிறது. பயனே இல்லாத இரண்டாவது இழுப்பு எதற்கு ஒட்டிக்கொண்டது? 2005இல் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் இருவரும் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஒரு பெட்டி, உள்ளே பரிசு. செய்து காட்டுபவர் முதலில் மேல் துளையில் குச்சியை விட்டுக் குத்துவார். அதனால் ஒன்றும் ஆகாது. பிறகு முன்பக்கக் கதவு வழியாகப் பரிசை எடுப்பார். பெட்டி கறுப்பாக இருந்தபோது சிம்பன்சிகள் இரண்டையும் செய்தன. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பெட்டியைக் கொடுத்ததும் வீண் குத்தலை விட்டுவிட்டு நேரே கதவுக்குப் போயின. மனிதக் குழந்தைகளோ அது வீண் என்று கண்ணெதிரே தெரிந்தும் அப்படியே குத்தினார்கள்.

சிம்பன்சி கெட்டிக்காரத்தனமாகத் தெரியலாம். ஆனால் மாவு புளிக்க வைப்பதில் எந்தப் படி அவசியம், எது அவசியமில்லை என்று பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாதபோது முழுதாக நகலெடுப்பதே பாதுகாப்பு. அந்த நகலில் வீண் அசைவுகளும் சேர்ந்தே ஏறிவிடுகின்றன.

அதனால்தான் எனக்கு ஒரு சந்தேகம்: நம்மை உருவாக்கியவர்களைத் தேட, நாம் உருப்படியாகச் செய்யும் காரியங்கள் உதவாது. எல்லோரும் பூவை இறுக்கித்தான் கட்டுவார்கள். அதில் யார் கையென்று எப்படித் தெரியும்? தேவையே இல்லாமல் செய்வதில்தான் ஆளின் அடையாளம் இருக்கிறது.

சரம் முடிந்து கொண்டையில் வைத்துக்கொண்டே அம்மா சொன்னார்: "அந்த அக்காவுக்கு மோதிர விரல் மடங்காதுடி. கதவுல நசுங்கினது. மொத இழு நிக்காது, அதான் ரெண்டாவது."

என் மோதிர விரலை மடக்கிப் பார்த்தேன். நன்றாக மடங்கியது.