புரி: 'திரெட்' என்பதற்கு நம் சொல்

"அண்ணை, கனடாவுக்குப் போகும்போது என்ர காஸ் செட்டையும் கொண்டுபோகலாமோ? திரெட் எல்லா இடமும் ஒண்டுதானே?" திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் படகுகளுக்கு வெல்டிங் செய்யும் தம்பி ஒருவர் கேட்டார். காஸ் செட் என்பது ஒட்சிசனும் அசற்றலீனும் கொண்டு இரும்பை வெட்டவும் ஒட்டவும் உதவும் ரெகுலேட்டர், ஹோஸ், டோர்ச்; திரெட் என்பது ஆணியிலும் நட்டிலும் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும் வரி. ஒன்றல்ல. ஏன் என்று விளக்கப் போனபோது, முதலில் 'திரெட்' என்ற சொல்லையே பிரித்துப் பார்க்க வேண்டி வந்தது.

ஆங்கிலத்தில் அதற்கு நூல் என்று பொருள்; அதன் வேர் முறுக்குதலைக் குறிப்பது. அதற்காக நாமும் நூல் என்று சொல்லிவிட முடியாது. தச்சரிடமும் இரும்புவேலைக்காரரிடமும் நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் 'மரை' என்கிறார்கள். 'மரை கழன்றவன்' என்ற வசை அதிலிருந்து வந்ததுதான். நல்ல சொல். ஆனால் எங்கள் பக்கத்தில் மரை என்றதும் காட்டில் மேய்கிற மரைதான் நினைவுக்கு வரும். நான் பிடித்துக்கொள்வது 'புரி' என்ற சொல்லை.

புரிதல் என்பதற்கு விளங்குதல், செய்தல் என்ற பொருள்களோடு முறுக்குதல் என்ற பொருளும் உண்டு. வைக்கோலை முறுக்கினால் வைக்கோற்புரி. மூன்று இழை சேர்ந்தால் முப்புரிநூல். தமிழ்நாட்டுப் பாடநூலில் திருகு அளவியைப் படித்தவர்களுக்குப் 'புரியிடைத் தூரம்' தெரிந்திருக்கும். ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் நம் சொல்லுக்குள்ளும் அதே முறுக்கு இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

காஸ் வேலையில் இந்தச் சொல் இன்னும் ஒருபடி மேலே உதவுகிறது. ஒட்சிசன் இணைப்பு வலப்பக்கம் சுற்ற இறுகும். அசற்றலீன் போன்ற எரிவாயுக்களின் இணைப்பு இடப்பக்கம் சுற்ற இறுகும். ஒன்றின் இடத்தில் மற்றதைத் தவறிப் பூட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இடப்பக்க நட்டின் மூலைகளில் சிறு வெட்டும் இருக்கும், இருட்டிலும் விரலுக்குத் தெரியும். வலப்புரி, இடப்புரி என்றால் வேலை முடிந்தது.

இதில் ஒரு சிக்கல். கோயிலில் நாம் போற்றும் அரிய வலம்புரிச் சங்கின் சுற்று, திருகாணிக் கணக்கில் இடப்புரி. உயிரியலாளர் சங்கின் கூம்பு நுனியை மேலே வைத்துப் பார்த்து அதை இடச்சுற்று என்கிறார்கள். நம் வழக்கில் சங்கைத் தலைகீழாகப் பிடித்து, வாய் வலப்பக்கம் இருப்பதால் வலம்புரி என்கிறோம். கடற்கரையில் சாதாரணமாகக் கிடைக்கும் இடம்புரிச் சங்குதான் ஒட்சிசன் நட்டின் திசையில் சுற்றுகிறது. ஆகவே பட்டறையில் சங்கை மறந்துவிட்டு, இறுக்கும் கையின் திசையை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, கனடாவுக்கு வருவோம். தம்பியின் செட் பிரித்தானிய முறையிலானது. அந்த முறையில் ஒட்சிசன் சிலிண்டர் வால்வின் உட்புறத்தில் 5/8 அங்குலக் குழாய்ப்புரி இருக்கும். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரின் ஆண்முனை அதற்குள் போகும். 5/8 என்பது பெயர்தான், புரியின் வெளிவிட்டம் 22.9 மில்லிமீற்றர். அங்குலத்துக்கு 14 புரி, புரியின் கோணம் 55 பாகை, ஆங்கிலேயப் பொறியியலாளர் விற்வேர்த் 1841இல் முன்வைத்த முறை. கனடாவும் அமெரிக்காவும் ஒட்சிசனுக்குப் பயன்படுத்தும் சிஜிஏ 540 என்ற தர இணைப்பின் விட்டம் 0.903 அங்குலம், அதுவும் ஏறக்குறைய 22.9 மில்லிமீற்றர், அங்கும் அங்குலத்துக்கு 14 புரிதான். ஆனால் கோணம் 60 பாகை, புரி வால்வின் வெளிப்புறத்தில் இருக்கிறது, முனை அமரும் இருக்கையும் வேறு. காகிதத்தில் ஒன்றுபோலத் தெரிவது கையில் சேராது. அசற்றலீனில் இரண்டு முறையிலும் இடப்புரிதான், ஆனால் அங்கே விட்டம் வேறு. ஜெர்மனியில் அசற்றலீன் ரெகுலேட்டருக்குப் புரியே இல்லை, கவ்வி போட்டு இறுக்குவார்கள். ஹோஸ் நிறமும் மாறும்: ஒட்சிசனுக்கு ஐரோப்பாவில் நீலம், வட அமெரிக்காவில் பச்சை.

புரி ஓரளவு பிடித்துவிட்டால் மிச்சத்தை ஸ்பானரால் இறுக்கிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாயுவை அடைப்பது புரி அல்ல, இருக்கை. சிக்குகிறதென்று கிறீஸ் தடவுவது அதைவிட மோசம். உயர் அழுத்த ஒட்சிசனில் எண்ணெய் தானாகவே தீப்பிடிக்கும்.

அதனால் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். ரெகுலேட்டர்கள் இரண்டையும் இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அங்கே போய் அந்த ஊர்ப் புரியில் புதிதாக வாங்குங்கள். கை பழகிய வெட்டும் டோர்ச்சைக் கொண்டுபோகலாம், அதற்குரிய நொசில்களையும் ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். ஹோஸை அங்கேயுள்ள காஸ் கடையில் ஒரு முனையில் அவர்களுடைய நட்டும் மறுமுனையில் டோர்ச்சுக்குரிய நட்டும் போட்டுச் செய்து வாங்குங்கள். டோர்ச்சைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். புரியை வாயால் சொல்லி வாங்க வேண்டாம்.