பிஎச்.டி.ல தத்துவம் எங்க இருக்கு? "முனைவர்"ங்கற சொல் எங்க இருந்து வருது?

ஒருத்தர் நண்டோட செவுள் எப்படி வேலை செய்யுதுன்னு அஞ்சு வருஷம் உக்காந்து பாக்குறாரு, இன்னொருத்தர் சோழர் கல்வெட்டுல வர்ற ஏரி வாரியத்தைப் பத்தி எழுதுறாரு, மூணாவது ஆள் கான்க்ரீட்ல ஃப்ளை ஆஷ் (நிலக்கரி எரிச்ச சாம்பல்) எவ்வளவு கலந்தா எவ்வளவு நாள் தாங்கும்னு லேப்ல கட்டி கட்டியா உடைச்சுப் பாக்குறாரு. மூணு பேருக்கும் ஒருத்தர் வேலை இன்னொருத்தருக்குப் புரியாது. ஆனா மூணு பேருக்கும் கடைசியில கிடைக்கிற பட்டம் ஒண்ணே ஒண்ணு தான், பிஎச்.டி. விரிச்சா "டாக்டர் ஆஃப் பிலாசபி". நண்டுக்கும் கான்க்ரீட்டுக்கும் பிலாசபிக்கும் என்ன சம்பந்தம்னு நிறைய பேர் கேக்குறாங்க, நியாயமான கேள்வி தான். இந்தப் பேருக்குப் பின்னாடி ஐரோப்பாவோட பல நூறு வருஷக் கதை இருக்கு, நம்ம பக்கத்துல இதுக்கு வச்சிருக்கற "முனைவர்"ங்கற சொல்லுக்குப் பின்னாடி தொல்காப்பியம் வரைக்கும் போற கதை இருக்கு.

முதல்ல டாக்டர். லத்தீன்ல "டொகேரே"ன்னா கத்துக்குடுக்கறது, அதுல இருந்து வந்தது தான் "டாக்டர்", அதாவது வாத்தியார். ஊசி போடுறவர்ங்கற அர்த்தம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. இடைக்கால ஐரோப்பாவுல பொலோனியா, பாரிஸ் மாதிரி பல்கலைக்கழகங்கள்ல டாக்டர், மாஜிஸ்டர், புரொபசர் மூணும் கிட்டத்தட்ட ஒரே பொருள்ல தான் புழங்குச்சு, எல்லாமே "இவர் இனிமே பாடம் நடத்தலாம்"னு குடுக்கற அனுமதி. நம்ம ஊர்ல "டாக்டர் மு.வ."ன்னு சொல்றப்போ அந்தப் பழைய பொருள் அப்படியே உசுரோட இருக்கு. 1948-ல சென்னைப் பல்கலைக்கழகத்துல தமிழுக்காக முதல் பிஎச்.டி. வாங்கினவர் அவர் தான், சங்க இலக்கியத்துல இயற்கையைப் பத்தின ஆய்வு. அவர் டாக்டர்னா ஆசிரியர், அவ்வளவு தான்.

அடுத்து பிலாசபி. இங்க தான் விஷயமே இருக்கு. கிரேக்கத்துல இதுக்கு "அறிவு மேல உள்ள பிரியம்"னு பொருள். ரொம்ப காலத்துக்கு இது ஒரு தனி சப்ஜெக்டோட பேரா இல்ல, சாமி பத்தின படிப்பு, சட்டம், மருத்துவம் இந்த மூணையும் விட்டா மிச்சம் இருக்கற அறிவு மொத்தத்துக்கும் இது தான் பேரு. நியூட்டன் 1687-ல போட்ட புத்தகத்தோட தலைப்பே "இயற்கைத் தத்துவத்தின் கணிதக் கோட்பாடுகள்"னு தான் இருக்கு, நாம இன்னைக்கு ஃபிசிக்ஸ்னு சொல்றதை அவர் தத்துவம்னு தான் சொன்னாரு. "சயின்டிஸ்ட்"ங்கற வார்த்தையையே வில்லியம் ஹ்யூவெல் உண்டாக்கினது 1830-கள்ல தான். அதுக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாம் இயற்கைத் தத்துவவாதிங்க.

அன்னைய பல்கலைக்கழகத்துல நாலு பிரிவு. இறையியல், சட்டம், மருத்துவம் மூணும் மேல் படி, கலைப் பிரிவுன்னும் தத்துவப் பிரிவுன்னும் சொல்ற நாலாவது கீழ்ப் படி, மத்த மூணுக்கும் போறதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய அடிப்படைப் படிப்பு. ஜெர்மன்காரங்க தான் இதை மேல ஏத்துனாங்க. 1810-ல வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட் முயற்சியில பெர்லின் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சப்போ, பாடம் நடத்துறவர் கூடவே புதுசா கண்டுபிடிக்கவும் செய்யணும்ங்கற எண்ணம் வேர் புடிச்சுது. அந்த வேலை எல்லாம் தத்துவப் பிரிவுல தான் நடந்துச்சு. கணக்கு, வேதியியல், வரலாறு, பழைய மொழிகள் எல்லாம் அந்த ஒரே கூரைக்குள்ள. அதனால அங்க இருந்து எந்த ஆராய்ச்சி வெளிய வந்தாலும் அதுக்குத் தத்துவ டாக்டர்னு பேர் வந்துருச்சு. அப்புறம் ஜெர்மன்காரங்களே இயற்கை அறிவியலுக்குத் தனிப் பட்டம், 1899-ல இருந்து பொறியியலுக்குத் தனிப் பட்டம்னு பிரிச்சுட்டாங்க. ஆனா அவங்க கிட்ட இருந்து எடுத்துட்டுப் போன அமெரிக்கா பழைய பேரையே எல்லாத்துக்கும் வச்சுக்கிச்சு, நமக்கு வந்ததும் அந்த வழக்கம் தான்.

அமெரிக்காவோட முதல் பிஎச்.டி.ங்க 1861-ல யேல்ல குடுக்கப்பட்டுச்சு, மூணு பேருக்கு. இந்த மூணு பேரைக் கொஞ்சம் கிட்ட போய்ப் பாக்கணும், ஏன்னா இந்தப் பட்டத்தோட குணம் மொத்தமும் அந்த முதல் வருஷத்துலயே தெரிஞ்சுடுது. ஜேம்ஸ் மாரிஸ் விட்டன் பழைய கிரேக்க, லத்தீன் இலக்கியத்துக்காரர், "வாழ்க்கை குறுகியது, கலை நீண்டது"ங்கற பழமொழியைப் பத்தி லத்தீன்லயே கையால எழுதிக் குடுத்தாரு, மொத்தம் 6 பக்கம். ஆர்தர் வில்லியம்ஸ் ரைட் இயற்பியல்காரர், ஒரு எரிகல் பூமியோட காத்து மண்டலத்துக்குள்ள நுழையறப்போ அதோட வேகமும் திசையும் தெரிஞ்சா, பூமியோட இழுப்பு சூரியனோட இழுப்பு ரெண்டையும் கணக்குல எடுத்து அது சூரியனை எந்தப் பாதையில சுத்தி வந்துச்சுன்னு கண்டுபிடிக்கறது எப்படின்னு எழுதினாரு. யூஜீன் ஸ்கைலர் தத்துவமும் உளவியலும். ஆக மூணுல ஒருத்தர் மட்டும் தான் நிஜமாவே பிலாசபி ஆளு. அந்த 6 பக்கத்தை நினைச்சா எனக்கு இப்பவும் சந்தோஷமா இருக்கு, 300 பக்கம் தாண்டலன்னா ஆய்வேடே இல்லன்னு இன்னைக்குப் பசங்க பயப்படுறாங்க பாருங்க, அவங்களுக்குக் காட்டணும்னு தோணும்.

இங்கிலாந்து இதுல ரொம்ப லேட். ஆக்ஸ்ஃபோர்டு 1917-ல தான் கொண்டு வந்துச்சு. ராமானுஜன் கேம்ப்ரிட்ஜ்ல இருந்தப்போ அங்க பிஎச்.டி.ன்னு ஒரு பட்டமே கிடையாது, அதனால 1916-ல அவருக்குக் கிடைச்சது ஆராய்ச்சிக்காகக் குடுக்கற பி.ஏ. அவர் எழுதினது மிகு பகு எண்களைப் பத்தி. 12-ஐ எடுத்துக்கோங்க, 1, 2, 3, 4, 6, 12 ஆக 6 எண்ணால வகுபடும், 12-க்குக் கீழ இருக்கற எந்த எண்ணுக்கும் 6 வகுத்திகள் கிடையாது. அதைத் தாண்டணும்னா 24-க்குப் போகணும், அதுக்கு 8. இப்படிப்பட்ட எண்கள் எப்படி அமையுதுன்னு ஆழமா போனது தான் அந்த வேலை. சர் சி.வி. ராமனும் படிச்சு வாங்கினது எம்.ஏ. தான். பட்டத்தோட பேரு ஆளைத் தீர்மானிக்கல, வேலை தான் தீர்மானிச்சுது.

சரி, தமிழ்ல இதுக்கு என்ன சொல்லு? நேரா மொழிபெயர்த்தா "தத்துவ டாக்டர்"னு வரும், பழைய பத்திரிகைங்கள்ல பாத்திருக்கலாம், ஆனா நண்டு ஆராய்ச்சிக்காரருக்கு அதைப் போட்டா யாருக்கும் ஒண்ணும் விளங்காது. இலங்கையில "கலாநிதி". கலைகளோட சேமிப்பு, களஞ்சியம்னு அர்த்தம். அங்க பி.ஏ. கலைமாணி, பி.எஸ்சி. விஞ்ஞானமாணி, எம்.ஏ. முதுகலைமாணின்னு ஒரு வரிசையே இருக்கு, கேக்கவே அழகா இருக்கும். யாழ்ப்பாணத்து ஆள் ஒருத்தர் "கலாநிதி கைலாசபதி"ன்னு சொல்றப்போ அந்தச் சொல்லுல இருக்கற மரியாதை வேற எந்தச் சொல்லுலயும் வராது. (இலங்கைத் தமிழ் அறிஞர் கைலாசபதி பிஎச்.டி. பண்ணது பர்மிங்ஹாம்ல, அவரோட நெறியாளர் ஜார்ஜ் தாம்சன் கிரேக்க இலக்கிய அறிஞர். புறநானூறை ஹோமர் பக்கத்துல வச்சுப் பாக்கற ஆய்வு. துறை விட்டுத் துறை போனா என்ன கிடைக்கும்ங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.)

தமிழ்நாட்டுல "முனைவர்" நிலைச்சுது. முன், முனை, முனைப்பு எல்லாம் ஒரே குடும்பம். முனைன்னா நுனி, முன்னாடி நிக்கற இடம், போர்க்களத்தோட முன்வரிசைக்கும் அது தான் சொல்லு. ஆனா இந்தச் சொல்லுக்கு உண்மையான பலம் தொல்காப்பியத்துல மரபியல்ங்கற இயல்ல இருக்கு:

"வினையின் நீங்கி விளங்கிய அறிவின்
முனைவன் கண்டது முதல்நூல் ஆகும்"

வினையில இருந்து விலகி, தெளிஞ்ச அறிவோட இருக்கற முனைவன் கண்டு சொன்னது எதுவோ அது தான் முதல்நூல்னு அர்த்தம். உரைகாரங்க இங்க முனைவன்னா இறைவன்னு எடுத்துக்கிட்டாங்க, அதனால மனுஷனுக்கு இந்தப் பேரா அப்படின்னு தயங்குறவங்க உண்டு. ஆனா அடுத்து என்ன வருதுன்னு பாருங்க, முதல்நூலைப் பின்பத்தி வர்றது வழிநூல், அது நாலு வகை, தொகுக்கறது, விரிக்கறது, தொகுத்தும் விரிச்சும் எழுதறது, மொழிபெயர்க்கறது. அதாவது ஏற்கனவே இருக்கறதைச் சேத்து எழுதினா வழிநூல், தானே கண்டு சொன்னா முதல்நூல். இன்னைக்கு உலகத்துல எந்தப் பல்கலைக்கழகமா இருந்தாலும் பிஎச்.டி.க்கு வைக்கற அடிப்படை நிபந்தனை இது தானே, புதுசா ஒண்ணு சொல்லியிருக்கணும்! டாக்டர்ங்கற சொல்லு "பாடம் நடத்துறவர்"னு சொல்லுது, பிலாசபிங்கறது "எந்தக் கட்டடத்துல இருந்து வந்தவர்"னு சொல்லுது. என்ன செஞ்சதுக்காகப் பட்டம்ங்கறதை முனைவர் மட்டும் தான் சொல்லுது, அதுவும் துறை பேரையே இழுக்காம. நண்டு, கல்வெட்டு, கான்க்ரீட் மூணுக்கும் இடிக்காம பொருந்துது. மொழிபெயர்ப்பா இல்லாம மூலத்தை விட நல்லா அமைஞ்ச சொல்லுன்னு இதை நான் தயங்காம சொல்லுவேன்.

இதோட சேத்து ஆய்வுங்கற சொல்லையும் பாத்துடணும், ஏன்னா ரிசர்ச்சை "ரீ - சர்ச், மறுபடியும் தேடறது"ன்னு மேடையில விளக்கம் குடுக்கறவங்க நிறைய. அது சரியில்ல. பழைய பிரெஞ்சு சொல்லுல இருந்து வந்தது, அதுக்கும் மூலம் லத்தீன்ல "சுத்தி வர்றது", சர்க்கஸ் கூட அந்த வட்டத்துச் சொல்லு தான். முன்னாடி இருக்கற "ரீ" அழுத்தத்துக்கு, அதாவது விடாம முழுசா தேடறதுன்னு பொருள். நம்ம ஆய்தல் வேற பக்கம் இருந்து வருது. வீட்ல இன்னமும் "கீரை ஆய்ஞ்சு வை"ன்னு சொல்றோம், அதே வினை தான். முத்தின தண்டு, பூச்சி அரிச்ச இலை, நடுவுல வந்த புல்லு எல்லாத்தையும் ஒதுக்கி வேணுங்கறதை மட்டும் எடுக்கறது. தொல்காப்பியத்தோட உரியியல் இதை ரெண்டே வரியில சொல்லுது:

"ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்
ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்"

உள்ளதன் நுணுக்கம். ஏற்கனவே இருக்கற ஒண்ணு இன்னும் நுணுக்கமாகறது. எந்தத் துறை ஆளா இருந்தாலும் அவர் செய்யறது இது தான், தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனா ஒரே வளாகத்துல ஓலைச்சுவடித் துறையும் கல்வெட்டியலும் சித்த மருத்துவமும் கடல்சார் தொல்லியலும் இருக்கும், ஒருத்தர் சுவடியில எழுத்துப் பிரிச்சுப் படிச்சுட்டு இருப்பாரு, இன்னொருத்தர் மூலிகை பாத்துட்டு இருப்பாரு, முறை வேற கருவி வேற, வினை ஒண்ணு தான்.

கடைசிப் படியான வைவாவையும் சொல்லிடறேன். "வைவா வோசி"ன்னா லத்தீன்ல "உயிருள்ள குரலால", தமிழ்ல வாய்மொழித் தேர்வு. இங்க அது பொதுவுல நடக்கும், தேதி போட்டு நோட்டீஸ் ஒட்டுவாங்க, யார் வேணா வந்து உக்காரலாம், கேள்வி கேக்கலாம். முன்வரிசையில நெறியாளரும் வெளியில இருந்து வந்த தேர்வாளரும், பின்னாடி ஜூனியர் பசங்க, ஓரத்துல புதுப் புடவை கட்டிக்கிட்டு ஆய்வாளரோட அம்மா, பாதி புரியாம ஆனா ஒரு வார்த்தை விடாம கேட்டுட்டு இருப்பாங்க. தொல்காப்பியமும் இப்படித் தான் வெளிய வந்துச்சுன்னு அதோட பாயிரம் சொல்லுது, நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில அதங்கோட்டாசான்ங்கற புலவருக்கு முன்னாடி குற்றம் நீங்க விளக்கிச் சொல்லி அரங்கேத்துனது. நூலுக்கு வரக்கூடாத குற்றங்கள்னு மரபியல் ஒரு பட்டியலும் குடுக்குது, கூறியது கூறல், மாறுகொளக் கூறல், குன்றக் கூறல், மிகைபடக் கூறல்னு போகும். ஒரு தேர்வாளரோட அறிக்கையைக் கையில எடுத்துப் பாருங்க, சொன்னதையே சொல்லியிருக்கீங்க, மூணாவது இயலும் அஞ்சாவது இயலும் முரண்படுது, தரவு பத்தல, தேவையில்லாம நீட்டியிருக்கீங்க, அதே நாலும் வரிசையா இருக்கும்.

எழுதறவங்களுக்குப் புழக்கத்துல உதவுற மாதிரி கொஞ்சம். தீசிஸ் = ஆய்வேடு (கிரேக்கத்துல "முன்வைக்கப்பட்டது"ன்னு பொருள்). கைடு = நெறியாளர். ஸ்காலர் = ஆய்வாளர். எம்.ஃபில். = ஆய்வியல் நிறைஞர், 2022 யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளோட அந்தப் படிப்பே நின்னு போச்சு, ஆனா முன்னாடி வாங்கினவங்க பட்டம் செல்லும், சொல்லும் வேணும். கௌரவ டாக்டர் = மதிப்புறு முனைவர், 1932-ல சென்னைப் பல்கலைக்கழகம் உ.வே.சா.வுக்குக் குடுத்தது இந்த வகை. அழைப்பிதழ்ல "டாக்டர் முனைவர்"னு ரெண்டையும் சேத்துப் போடறாங்க, ஒண்ணு போதும். மருத்துவரா இருந்து பிஎச்.டி.யும் வாங்கியிருந்தா மட்டும் "மருத்துவர் முனைவர்"னு போடலாம், அங்க ரெண்டும் வேற வேற.