பரீட்சைக்கு முன்பே நடக்கும் பரீட்சை

"சாரே, என் மோளுக்க பேரை மட்டும் ஏன் எழுதல்ல?"

போன வருடம் ஒரு சாயங்காலம், பள்ளி விட்ட பிறகு கேட் பக்கத்தில் நின்று ஒரு அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கும் வேலை பார்ப்பவர். கொட்டை எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்திருந்தன. மகள் எட்டாம் வகுப்பில் என் மாணவி. என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு அந்த வாரம்தான் விண்ணப்பங்களை அனுப்பி முடித்திருந்தேன். வகுப்பில் 38 பிள்ளைகள். நான் எழுதிக் கொடுத்த பெயர்கள் 12.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பு படிக்கிறவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு அது. மனத்திறனுக்கு 90 கேள்வி, பாட அறிவுக்கு 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். நாடு முழுக்க வருடத்துக்கு ஒரு லட்சம் பேர், அதில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50.

அந்தப் பிள்ளை ஏழாம் வகுப்பில் எடுத்தது 61. தகுதி இருந்தது. ஆனால் அவள் நான்காவது பெஞ்சில் உட்காருவாள், கேட்டால் மட்டும் பேசுவாள். இவளுக்குக் கிடைக்காது என்று நானே தீர்மானித்துவிட்டேன். எந்த வினாத்தாளும் இல்லாமல் நான் வைத்த அந்தப் பரீட்சையில் 26 பிள்ளைகள் தோற்றுப்போனார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

பி.எட். பாடத்தில் 'மீத்திறன் குழந்தைகள்' என்று, வயதுக்கு மீறிய திறமை உள்ளவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அன்றைக்குப் பிறகுதான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். அதிகமாக ஆராய்ந்திருப்பவர்கள் அமெரிக்காவில்தான். அங்கே பல அரசுப் பள்ளிகளில் மீத்திறன் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு உண்டு. சேர்க்கை வழக்கமாக இரண்டு படிகளில் நடக்கும். முதலில் ஆசிரியர் ஒரு பிள்ளையைப் பரிந்துரைக்க வேண்டும், இல்லையென்றால் பெற்றோர் கேட்க வேண்டும். அப்புறம்தான் நுண்ணறிவுச் சோதனை.

அந்தச் சோதனையின் சராசரி 100 என்று வைத்திருக்கிறார்கள். மதிப்பெண்கள் அதற்கு இரண்டு பக்கமும் மணி வடிவத்தில் பரவும். 130-க்கு மேலே போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். புளோரிடா மாநிலத்தில் மீத்திறன் என்பதற்கான கோடு அந்த 130-தான். வறுமையில் உள்ள பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கும் கோட்டைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். அங்குள்ள பிரவர்ட் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) அது 116-ஆக இருந்தது, நூற்றுக்குப் பதினான்கு பேர் அளவுக்கு எட்டக்கூடிய இடம். இத்தனை இறக்கியும் ஏழைப் பிள்ளைகள் வரவில்லை. காரணம், அவர்கள் சோதனை அறை வரைக்கும் வந்து சேரவே இல்லை.

2005-இல் பிரவர்ட் ஒரு காரியம் செய்தது. பரிந்துரைக்குக் காத்திருக்காமல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு சின்னச் சோதனை வைத்தது. அதில் நன்றாகச் செய்தவர்களை முழுச் சோதனைக்கு அனுப்பியது. கோடுகள் மாறவில்லை. டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதன் விளைவைக் கணக்கிட்டு 2016-இல் வெளியிட்டார்கள். மீத்திறன் வகுப்பில் சேர்ந்த ஏழைப் பிள்ளைகளின் விகிதம் 180 சதவீதம் கூடியிருந்தது. ஹிஸ்பானிய (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகளில் 130 சதவீதம், கறுப்பினப் பிள்ளைகளில் 80 சதவீதம். இந்தப் பிள்ளைகள் திடீரென்று புத்திசாலி ஆகவில்லை. அதே பெஞ்சில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள்தான். பணம் இல்லை என்று அந்தப் பொதுச் சோதனையை நிறுத்தியதும் எண்ணிக்கை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. இந்த வரியைப் படித்தபோது என் 26 பேரும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள்.

சரி, எல்லோரையும் பரீட்சை எழுத வைத்துவிட்டால் போதுமா? பரீட்சை என்ற அளவுகோலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1921-இல் கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1,500-க்கும் மேற்பட்ட மீத்திறன் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்க்கை முழுவதையும் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். அப்போது சோதித்துப் பார்த்து, மதிப்பெண் போதவில்லை என்று விடப்பட்ட இரண்டு பையன்கள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வாரெஸும். பின்னாளில் இருவரும் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கினார்கள், 1956-இலும் 1968-இலும். தேர்வான பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட நோபல் கிடைக்கவில்லை.

எந்தச் சோதனையிலும் அளவீட்டுப் பிழை உண்டு. மீன் சந்தையில் தராசுத் தட்டு ஆடி நிற்கும் முன்பே எடையைப் படித்தால் எப்படியோ, அப்படி. நல்ல நுண்ணறிவுச் சோதனையிலேயே இந்த ஆட்டம் ஏறக்குறைய ஐந்து புள்ளி இருக்கும். இன்று 128 எடுக்கிற பிள்ளை அடுத்த மாதம் 133 எடுக்கலாம், 124-உம் எடுக்கலாம். காய்ச்சல், தூக்கம், காலையில் சாப்பிட்டதா இல்லையா, எல்லாம் அதில் சேரும். 130 என்று கோடு போட்டால் 131-க்கும் 129-க்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் இந்த ஆட்டம்தான்.

நம் என்.எம்.எம்.எஸ். தேர்வையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை, தவறுக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஒரு பிள்ளைக்கு 20 கேள்விக்கு விடை தெரியவில்லை, குருட்டாம்போக்கில் குறிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக ஐந்து சரியாகும். ஆனால் ஒரு பிள்ளைக்கு மூன்று சரியாகும், பக்கத்துப் பிள்ளைக்கு ஏழு சரியாகும். இரண்டும் சாதாரணமாக நடக்கக்கூடியவை. பட்டியலின் கடைசிப் பெயரையும் அதில் வராத முதல் பெயரையும் ஒரே ஒரு மதிப்பெண் பிரித்துவிடக்கூடிய தேர்வில் இந்த நான்கு மதிப்பெண் ஒரு குடும்பத்தின் 48,000 ரூபாய்.

அடுத்தது, பல அளவுகோல்களை எப்படிச் சேர்க்கிறோம் என்பது. இதில் நம் மொழியின் இரண்டு சின்ன ஒட்டுகளே முழு வித்தியாசத்தையும் காட்டிவிடும். ஆசிரியர் பரிந்துரை'யும்' வேண்டும், வகுப்பு மதிப்பெண்'ணும்' வேண்டும், தேர்'வும்' வேண்டும் என்பது ஒரு விதி. பரிந்துரை'யாவது', மதிப்பெண்'ணாவது', தேர்'வாவது' போதும் என்பது இன்னொன்று. உண்மையிலேயே திறமையுள்ள பிள்ளையை ஒவ்வொரு வாசலும் நூற்றுக்கு எண்பது முறை சரியாக உள்ளே விடும் என்று கொள்வோம். மூன்று வாசலும் ஒன்றையொன்று சாராதவை என்றால், 'உம்' விதியில் மூன்றையும் தாண்டுவது 0.8 × 0.8 × 0.8, அதாவது 51 சதவீதம். திறமையுள்ள இருவரில் ஒருவரை இழக்கிறோம். 'ஆவது' விதியில் கிட்டத்தட்ட யாரும் தப்பமாட்டார்கள், ஆனால் தேவையில்லாதவர்களும் நிறையப் பேர் உள்ளே வருவார்கள். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுப்பது நடுவழி. ஒரு அளவில் வந்த பிழையை இன்னொன்று ஓரளவு ஈடுகட்டிவிடும். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. அலுவலகங்களுக்குப் பிடித்தது 'உம்' விதி, பட்டியலைச் சீக்கிரம் சுருக்கலாமே.

கேள்வியின் மொழி வேறு இருக்கிறது. உருளை, சேனை, மரவள்ளி, வெண்டை: பொருந்தாதது எது? எங்கள் குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகள் மரவள்ளியைத் தினமும் தின்கிறார்கள், ஆனால் வீட்டில் அதன் பெயர் மரச்சீனி. 'மரவள்ளி' என்று பார்த்ததும் ஒரு நொடி தயங்குகிற பிள்ளையின் மூளையில் குறை எதுவும் இல்லை. இதைத் தவிர்க்கத்தான் பிரவர்டில் சொற்களே இல்லாத சோதனையைப் பயன்படுத்தினார்கள். கட்டங்களில் உருவங்கள் ஒரு ஒழுங்கில் மாறிக்கொண்டு போகும். காலியான கட்டத்தில் எது வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். நல்ல யோசனைதான், ஆனாலும் முழு மருந்து இல்லை. நியூயார்க்கில் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரிச் சோதனை வைத்தபோது, வசதியுள்ள பெற்றோர் அதற்கும் பயிற்சி வகுப்பு தேடிப் போனார்கள். முட்டத்தில் அப்பாவோடு வள்ளத்தில் போகிற பையன் மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் பிடித்து, இன்னொரு பக்கம் இதேபோல் வேறொரு கோட்டையும் பிடித்து, கடலில் தான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவான். உருவங்களை மனதுக்குள் நகர்த்திப் பார்க்கும் திறன் அதுவும்தான். எந்த வினாத்தாளிலும் அவன் அதைப் பார்த்ததில்லை.

யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பதும் தேர்வை மாற்றிவிடும். பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையையும் நாகர்கோவிலில் டியூஷன் போகும் பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், நாம் அளப்பது திறமையை மட்டும் அல்ல, கிடைத்த வாய்ப்பையும் சேர்த்துத்தான். அதனால் அமெரிக்காவில் சில இடங்களில் ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் முன்னணியில் இருப்பவர்களை எடுக்கிறார்கள். களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நவோதயா பள்ளி உண்டு, தேர்வு வைத்துச் சேர்க்கும் மத்திய அரசின் உறைவிடப் பள்ளி. தமிழ்நாட்டில் அது இல்லை. நவோதயாவில் சேர மாவட்டத்துக்குள்தான் போட்டி, முக்கால் பங்கு இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. நம்மிடமும் இதே யோசனையில் நீண்ட காலமாக ஒரு தேர்வு நடக்கிறது: ஊரகத் திறனாய்வுத் தேர்வு. கிராமப்புறப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவர்கள் எழுதுவது. மாவட்டத்துக்கு மாவட்டம் 50 மாணவர், 50 மாணவியர் என்று எடுப்பார்கள். தோவாளைப் பிள்ளை சென்னைப் பிள்ளையோடு மோத வேண்டியதில்லை. தொகை சிறியது, ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான்.

இந்த வருடம் என்.எம்.எம்.எஸ்.ஸுக்குத் தகுதியுள்ள ஒரு பெயரையும் நான் விடவில்லை. அந்தப் பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பு. எட்டாம் வகுப்பில் மட்டும் எழுதக்கூடிய அந்தத் தேர்வு அவளுக்கு இனி இல்லை. ஊரகத் தேர்வுக்கான பட்டியலில் முதலில் எழுதியது அவள் பெயர். வருமானச் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். போன திங்கள்கிழமை அவளுடைய அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, அதை வாங்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தார்.