தயவுசெய்து அந்தச் சேலைப் பழமொழியை விட்டுவிடுங்கள்

"முள்ளு மேல சேலை பட்டாலும், சேலை மேல முள்ளு பட்டாலும் சேதம் சேலைக்குத்தான்." பெண் பிள்ளை வயதுக்கு வந்த நாளிலிருந்து இதைச் சொல்லியே வளர்க்கிறோம். வீட்டில் அம்மா சொல்கிறார். சில கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்புகளில் அதையே செலோடேப்பை வைத்துச் செய்து காட்டுகிறார்கள். நாலு பேர் கையில் ஒட்டி உரித்துவிட்டு, "பாத்தீங்களா, இனி இது எதிலயும் ஒட்டாது." பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்க மாட்டாள். அவள்தான் பிறகு என்னைப் போன்ற ஆலோசகர் முன்னால் வந்து உட்காருகிறாள்.

இந்த மாதமும் வந்தாள் ஒருத்தி. இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை மூன்று படிக்கிறவள், ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் சடங்குக்குத் தயாராகிறவள் (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்). இணையத்தில் பழகியவனுக்குப் படம் அனுப்பியிருக்கிறாள், இப்போது மிரட்டுகிறான். மேசையில் கவிழ்த்து வைத்த கைப்பேசி அதிரும்போதெல்லாம் சீருடைப் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அவனை எப்படி நிறுத்துவது என்று கேட்கவில்லை. "இனிமே நான் நன்மை வாங்கலாமா, ஆன்ட்டி?" என்றாள். பூசையில் கொடுக்கும் நற்கருணையைத்தான் நன்மை என்கிறாள். பங்குச் சாமியார் இரண்டே நிமிடத்தில் தெளிவாக்கக்கூடிய கேள்வி. அதைக் கேட்கப் பயந்து, பூசையில் எல்லாரும் வரிசையில் போகும்போது தலைவலி என்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

உடல் புனிதமானது என்று திருச்சபை சொல்வதற்கும், 'கெட்டுப்போனவள்' என்று ஊர் சொல்வதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உங்கள் உடல் தூய ஆவி தங்கும் கோவில் என்று புனித பவுல் யாருக்கு எழுதினார்? கொரிந்தியருக்கு. விலைமகளிரிடம் போவதைக் கண்டிக்கிற அதே பகுதியில், அந்த ஆட்களைப் பார்த்தே எழுதுகிறார். தவறினவர்களின் உடலும் கோவில்தான். அதனால்தான் அந்தக் கண்டிப்பே. 410இல் ரோம் சூறையாடப்பட்டபோது பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மனம் இசையாதபோது இன்னொருவனின் காமம் உங்கள் கற்பைத் தொடாது என்று புனித அகுஸ்தினார் அப்போதே எழுதிவிட்டார். ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆயிற்று. நாம் இன்னும் செலோடேப்பில் நிற்கிறோம்.

புனித மரிய கொரற்றியின் கதையையும் பார்த்துச் சொல்லுங்கள். வன்கொடுமைக்கு இணங்க மறுத்ததால் 1902இல் கொல்லப்பட்ட இத்தாலியச் சிறுமி. அப்போது அவளுக்கு 11 வயது. பாவத்தைவிடச் சாவு மேல் என்று நினைத்தாள் என்பதோடு நிறுத்திவிட்டால், அதே கொடுமையில் உயிர் பிழைத்த பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கும்?

பாடத்தை வேறிடத்தில் தொடங்கலாமே. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுகிறது, உறுதிபூசுதல் தைலம் நெற்றியில். அடக்கப் பூசையில் உயிர் போன உடலுக்குக்கூடத் தூபம் காட்டுகிறோம். செபமாலை தொடங்கும்போதே 'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்' என்கிறோம். திருத்தந்தை புனித இரண்டாம் ஜான் பால் 1979இலிருந்து 1984 வரை தமது புதன்கிழமை உரைகளில் திரும்பத் திரும்ப உடலைப் பற்றித்தான் பேசினார். இதில் எங்கே இருக்கிறது வெட்கம்?

"அதெல்லாம் பள்ளியில சொல்லிக் குடுப்பாங்களே" என்பார்கள். பாலியல் கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேண்டாமென்றால் பெற்றோர் விலக்கிக்கொள்ளவும் கல்வி அமைச்சு அனுமதிக்கிறது. விலக்கிக்கொண்டவர்கள் வீட்டில் என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?

சரி, செய்ய வேண்டியவை. பிள்ளை வாய் திறந்ததும் "ஏன் அனுப்பினே?" வேண்டாம். அது அப்புறம். கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், அடுத்த முறை உங்களிடம் வரவே மாட்டாள். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் இன்னும் கேட்பான். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு போலீசுக்குப் போங்கள். 2020இலிருந்து அந்தரங்கப் படத்தைப் பரப்புவேன் என்று மிரட்டுவதே இங்கே குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. படத்தை 'ஆதாரம்' என்று மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். (அனுப்புகிறார்கள். நம்ப மாட்டீர்கள்.) 16 வயது நிரம்பாத பிள்ளையின் படம் என்றால் சட்டம் உங்களையே கேள்வி கேட்கும். யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துக்கொண்டு போவதை முதல் மருந்தாக்காதீர்கள். படம் அனுப்பியது தப்பு என்று அவளுக்கே தெரியும், அதற்கு மன்னிப்பும் உண்டு. மிரட்டப்படுவது அவள் பாவம் இல்லை. இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தானாகப் புரிந்துகொள்வாள் என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் பையன்கள். பழமொழிப்படி அவன் முள், அவனுக்குச் சேதமே கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் அவனிடம் யாரும் எதுவும் பேசுவதில்லை. ஆனால் படத்தை வைத்துப் பணம் பறிக்கிறவர்கள் பையன்களையும் தேடித்தான் வருகிறார்கள். மகன் வைத்திருப்பவர்கள் ஒரு தடவை கேட்டதோடு விடாதீர்கள். முதல் தடவை அவன் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வான்.