இந்த மாதம் என்ன குழப்படி?

கிளினிக் நாளில் பிள்ளையை நிறுத்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி போட்டு முடிந்ததும் தாய்மாரிடம் ஒரு கேள்வி கேட்பேன். "இந்த மாதம் ஆள் என்ன குழப்படி செஞ்சார்?" சாப்பிடுகிறாரா, நித்திரை கொள்கிறாரா என்று கேட்டால் "ஓம் மிஸ்" என்பதோடு கதை முடிந்துவிடும். குழப்படியைக் கேட்டால் பின்வரிசையில் இருக்கிற அம்மம்மாவும் எழும்பி வந்து சேர்ந்துகொள்வார். அரிசி வாளிக்குள் போனை ஒளித்து வைத்தது, பூனைக்குப் பிட்டு தீத்தியது, மாமாவின் ஹெல்மட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுவரில் போய் முட்டியது என்று ஒன்றை ஒன்று மிஞ்சும்.

மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஊர்களில் 20 வருடத்துக்கு மேலாகக் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் எத்தனை மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதை நிரப்புவதற்காகத்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்கத் தொடங்கினேன். போகப்போக வேறொன்றும் விளங்கியது. சிரிப்பு வருகிற ஒவ்வொரு குழப்படியும் பிள்ளை புதிதாக ஒன்றைப் பழகிவிட்டது என்ற செய்தி. வீடு மட்டும் போன மாதத்துப் பிள்ளைக்கு ஏற்றபடியே இருக்கும். அந்த ஒரு மாத இடைவெளியில்தான் நான் கண்ட விபத்துகளில் பாதிக்கு மேல் நடந்தன.

ஆரையம்பதிப் பக்கம் ஒரு வீட்டில் நேரே பார்த்தது இது. பையனுக்கு 20 மாதம். நாவூறு படாமல் இருக்கக் கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான். போன தடவை நான் வந்தபோது இதே கண்ணாடியில் தெரிந்த பிள்ளைக்கு பிஸ்கட் நீட்டியவன், அன்றைக்குக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் கன்னத்தைத் தடவினான். கையில் மை ஒட்டியது. கையைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், பிறகு முழு முகத்திலும் இழுத்துப் பூசிக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தான். அம்மம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. பிள்ளைகளின் மூக்கில் அவர்களுக்குத் தெரியாமல் நிறத்தை வைத்துக் கண்ணாடி முன் விட்டுப் பார்க்கும் பரிசோதனையை பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற உளவியலாளர் 1972இல் வெளியிட்டார். கண்ணாடியில் நிற்பது தான்தான் என்று பிள்ளைக்கு எப்போது விளங்குகிறது என்று பார்ப்பதற்கு. ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது விளங்கிவிடும். எங்கள் ஊர்த் தாய்மார் நாவூறுப் பொட்டு வைத்து அந்தப் பரிசோதனையைத் தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

"நான்" என்று ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்த கிழமையே "மாட்டன்" வரும். குளிக்க மாட்டன், சட்டை போட மாட்டன், ஐஸ்கிறீம் வேணுமா என்றால் அதற்கும் மாட்டன். சொல்லிவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். இதைத் திமிர் என்று நினைத்து அடிக்கிற தகப்பன்மாரைக் கண்டால் எனக்கு மனம் தாங்காது. அந்த வயதில் பிள்ளைக்குக் கிடைத்த பெரிய சொல் அது. சொல்லிப் பார்க்கட்டும். "சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிச் சண்டை குறையும்.

பார்த்துச் செய்வது இன்னொரு பெரிய குழப்படி. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் திருக்குளிர்த்திச் சடங்குக்குப் போய் வந்த ஒரு பெண் பிள்ளை, அதற்கு இரண்டு கிழமைக்குப் பிறகு கிளினிக்கில் நான் நிறுக்கிற தராசைத் தூக்கிக்கொண்டு உள்ளே வர, வாயில் கையை வைத்து நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டாள். இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்து, இரண்டு பேர் கூடச் சேர்ந்து குரவையும் போட்டார்கள். யாரோ எதையோ தூக்கிக்கொண்டு வந்தால் குரவை போட வேண்டும் என்று பிள்ளை கோயிலில் பிடித்து வைத்திருக்கிறது. காத்தான்குடியில் ஒரு வீட்டில் உம்மும்மா தொழும்போது ஒன்றரை வயதுப் பேரனும் பக்கத்தில் நின்று குனிவான். அவர் நெற்றியை நிலத்தில் வைத்து சுஜூதுக்குப் போனதும் இவன் முதுகில் ஏறிக் குதிரை ஓட்டுவான். அவரும் அவன் இறங்கும் வரை தலையைத் தூக்காமல் அப்படியே இருப்பார். கண்டதை மனதில் வைத்திருந்து நாள் கழித்துச் செய்து காட்டுகிறதென்றால் ஞாபகம் நன்றாக வளர்கிறது என்று அர்த்தம்.

அப்படி ஒரு குழப்படியில்தான் நான் மிகவும் பயந்தேன். ஒரு தாய் எனக்கு வீடியோ அனுப்பியிருந்தார். மகளுக்கு 22 மாதம். சின்ன வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மற்றக் கையால் எதையோ நாக்கில் வைத்து, தலையை அண்ணாந்து வெறும் கோப்பையிலிருந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு "ஆஆ" என்று முகத்தைச் சுளிக்கிறாள். அப்பப்பா குளிசை போடுகிற மாதிரியே. பின்னால் வீடே சிரிக்கிற சத்தம். நானும் சிரித்துக்கொண்டு திரும்ப ஒருமுறை போட்டுப் பார்த்தேன். வாங்கின் ஓரத்தில், அவளுடைய முழங்கைக்குப் பக்கத்தில், அப்பப்பாவின் சீனி வருத்தக் குளிசை வைக்கிற பிளாஸ்டிக் டப்பா திறந்தபடி இருந்தது.

உடனே போன் எடுத்தேன். நாக்கில் வைத்தது உளுந்து என்றார் தாய். "கண்டனீங்களா, உளுந்து என்று?" என்றேன். அங்கே சத்தம் நின்றுவிட்டது. பிறகு எண்ணிப் பார்த்தார்கள், குளிசை சரியாக இருந்தது. அந்தப் பத்து நிமிடம் நான் குசினியில் நின்ற இடத்திலேயே நின்றேன்.

பெரியவர்கள் தினமும் விழுங்குகிற குளிசை ஒன்றிரண்டே இந்த வயதுப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகலாம். சீனி வருத்தத்துக்குக் கொடுக்கிற சில குளிசைகள் பிள்ளையின் இரத்தத்தில் சீனியை அடியோடு இறக்கிவிடும். அது உடனே தெரியாமல், மணித்தியாலங்கள் கழித்துத் தூங்கி வழிவது போலத் தெரியும். விளையாடிக் களைத்துவிட்டது என்று படுக்க விட்டால் அதோடு போச்சு. பிரஷர் குளிசையும் அதே போல ஆபத்துத்தான். அடுத்த பிள்ளைக்குக் கர்ப்பமாக இருக்கிற தாய்க்கு நாங்களே கையில் கொடுக்கிற இரும்புச்சத்துக் குளிசை சின்னப் பிள்ளை வயிற்றுக்குள் போனால் குடலையும் ஈரலையும் தாக்கும். அதைக் கொடுக்கும்போதெல்லாம் "எங்கே வைக்கப் போறீங்க?" என்று கேட்டு, அந்த இடத்தைச் சொன்ன பிறகுதான் பையை நீட்டுகிறேன்.

ஆகவே குளிசையைப் பிள்ளைக்கு முன்னால் போட வேண்டாம் என்று தாத்தா, பாட்டி, அப்பப்பா எல்லோரிடமும் சொல்லுங்கள். "டொபி மாதிரி இனிக்கும்" என்று சொல்லி மருந்து பருக்கவும் வேண்டாம். பிள்ளை அதை நம்பிவிடும். எதையாவது விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும், உப்புத் தண்ணீர் கொடுக்கவோ, தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கவோ வேண்டாம், மருந்துப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். "நல்லாத்தானே விளையாடுது" என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மண்ணெண்ணெய்க்கும் இதே பேச்சு. அதைத் தண்ணீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. போத்தலைக் கண்டால் குடிக்கத்தான் பிள்ளைக்குத் தெரியும். குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைத்தால் மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வரும். வேலியில் நிற்கிற மஞ்சள் அலரியைப் பற்றி நம்மூரில் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த நச்சுக் காயை வைத்துப் பிள்ளைகள் கறி சமைத்து விளையாடுவதை நான் எத்தனையோ வளவில் கண்டிருக்கிறேன்.

இனி என் வீட்டுக் கதை. பத்து மாதத்துப் பிள்ளை கரண்டியைக் கீழே போடும், நாம் எடுத்துக் கொடுப்போம், திரும்பப் போடும். கை விட்டால் விழும், விழுந்தால் சத்தம் கேட்கும், சத்தம் கேட்டால் அம்மா வருவா என்று படிக்கிற வயது அது. என் மூத்தவன் அந்தப் படிப்பை இரண்டு வயதிலும் விடவில்லை. நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அவன் வெறும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கிணற்றுக் கட்டோடு சேர்த்து வைத்து, அதில் ஏறி நின்றுகொண்டான். முதலில் சிரட்டையைப் போட்டான். "டுபுக்" என்று சத்தம் வந்ததும் கை தட்டினான். பிறகு சவர்க்காரம், பிறகு என் செருப்பில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் "டுபுக்" என்று அவனும் சொன்னான். நான் சிரித்துக்கொண்டே "டேய், மற்றச் செருப்பையாவது விடு மனே" என்றேன். நாலாவது தடவை அவன் எதையும் கையில் எடுக்கவில்லை. போட்டதெல்லாம் எங்கே போனது என்று எட்டிப் பார்த்தான். கால் இரண்டும் வாளியை விட்டு எழும்பிவிட்டன. நான் பிடித்தது அவனுடைய காற்சட்டையைத்தான்.

அப்போது நான் இந்த வேலைக்கு வந்து நாலு வருடம். ஊரெல்லாம் கிணற்றுக்குக் கம்பிவலை போடச் சொல்லிக்கொண்டு திரிந்தவள். அன்றைக்குப் பின்னேரமே என் கிணற்றுக்கு மூடி போட்டோம்.

இந்த வயதில் தலைப்பக்கம் பாரம். எட்டிப் பார்த்தால் திரும்பி நிமிரத் தெரியாது. அதனால்தான் கிணறு மட்டும் இல்லை, குளியலறை வாளியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கிடந்தாலும் போதும். தலைகீழாக விழுந்த பிள்ளை கத்தாது, கையைக் காலை அடித்துச் சத்தமும் போடாது. மார்கழி மழைக்குக் கட்டட வேலைக்கு வெட்டின குழிகள் நிரம்பி நிற்கிற நாட்களில் நான் வீட்டுக்குள் போவதற்கு முன்னால் வளவைத்தான் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறேன். முற்றத்துக் குழி, மழைத்தண்ணி பிடிக்கிற பீப்பா, பக்கத்து வீட்டு மூடாத மலக்குழி, எல்லாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மேசை விரிப்பைப் பிடித்து இழுக்கப் பழகிய பிள்ளை இருக்கிற வீட்டில் விரிப்பே வேண்டாம். மேலே இருக்கிற பிளேன்டீ முகத்தில்தான் கொட்டும். சுட்டால் 20 நிமிடம் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசையும் தேங்காய் எண்ணெயும் பூச வேண்டாம். ரிமோட்டைத் தூக்கிக் "ஹலோ" சொல்கிற பிள்ளை மூடியைக் கழற்றவும் பழகும். உள்ளே சில்லறை மாதிரி இருக்கிற வட்டப் பற்றரியை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரித்துவிடும். விடியும் மட்டும் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், அந்த மூக்குக்குள் புளியங்கொட்டையோ பாசிமணியோ இருக்கிறதா என்று வைத்தியரிடம் காட்டுங்கள், ஊசி கொண்டு நீங்கள் கிளற வேண்டாம். முழுக் கச்சான் (நிலக்கடலை) ஐந்து வயது வரைக்கும் கொடுக்க வேண்டாம்.

சில தாய்மார் என் கேள்விக்கு வேறு பதில் சொல்வார்கள். "இவன் ஒரு குழப்படியும் இல்லை மிஸ். போனைக் குடுத்தா இருந்த இடத்தில இருப்பான்." பக்கத்தில் இருக்கிறவர்கள் "குடுத்து வச்சவ" என்பார்கள். நான் பேனையை வைத்துவிட்டு அந்தப் பிள்ளையோடுதான் அதிக நேரம் இருப்பேன். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். யன்னலுக்கு வெளியே காகத்தைக் காட்டுவேன். 18 மாதத்தில் ஒரு பிள்ளை தான் கண்ட காகத்தை விரலால் சுட்டி, "நீயும் பார்" என்று நம் முகத்தையும் திரும்பிப் பார்க்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பாமல், சுட்டிக் காட்டாமல், பொம்மைக்குச் சோறு தீத்துகிற மாதிரிப் பொய் விளையாட்டும் இல்லாமல் இருந்தால் காது கேட்கிறதா என்பதிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும். "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்ற பேச்சை நம்பி இரண்டு வருடம் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். 18 மாத ஊசிக்கு வருகிற நாளில் இதை நீங்களாகவே கேளுங்கள், நாங்கள் கேட்க மறந்தாலும். உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. சோறு தீத்துவதற்குப் போன் என்பது இப்போது எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. அதற்குப் பதிலாக முற்றத்தில் கோழியைக் காட்டித் தீத்துங்கள். அரைவாசி கோழிக்குப் போனாலும் பரவாயில்லை.

போன மாதம் களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து தாய்வீட்டுக்கு வந்திருந்த ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். மகனுக்கு இரண்டு வயதும் ஒரு மாதமும். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். கதவுக் கொளுக்கியைக் கழற்றப் பழகிவிட்டானாம், காலையில் எல்லோரும் எழும்பும்போது இவன் தெருவில் நின்று பாண்காரனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தானாம். அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார், நானும் சிரித்தேன். அப்புறம், தெருவில் பஸ் ஓடுகிறதா என்று கேட்டேன். ஓம் என்றார். கதவின் உச்சியில் இன்னொரு கொளுக்கி பூட்டச் சொல்லி அனுப்பினேன்.

அன்று பின்னேரமே போனுக்கு ஒரு படம் வந்தது. மேலே புதுக் கொளுக்கி, பூட்டியபடி. கீழே அவன், அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு, ஒரு கையால் பிளாஸ்டிக் கதிரையை இழுத்தபடி. கதிரையை எங்கே வைக்கலாம் என்று கேட்டுப் பதில் போட்டேன்.