உயரமில்லாத டீமுக்கு ஒரு ஸ்கிரீன்

கோத்தகிரியிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் பேஸ்கட்பால் டீமில் ஆறடி ஆள் ஒருத்தர்கூட இல்லை. அமெரிக்காவின் டென்வர் அணியின் வீடியோவைப் போட்டு, அதே மாதிரி ஆடுங்கள் என்கிறார் கோச். முடியுமா?”

முடியாது. அது நிக்கோலா யோகிச் என்ற 211 செ.மீ. மனிதரைச் சுற்றிக் கட்டிய ஆட்டம். அவ்வளவு உயரமும் ரிங்குக்கு அடியிலேயே நிற்காது. வெளியே வந்து, எல்லார் தலைக்கும் மேலே பார்த்து பாஸ் கொடுக்கும். 2023ல் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் கோப்பையும் வந்தது. அவர் இல்லாமல் அந்த ஆட்டம் மட்டும் வேண்டும் என்றால், கேரட் சரிவில் நெல் நாற்று நட்ட கதைதான்.

ஆனால் ஸ்கிரீனுக்கு, அதாவது எதிரணி ஆளின் வழியை மறித்து நிற்பதற்கு, உயரம் வேண்டாம். ஊட்டியில் பனி இறங்கிய ஒரு மாலை, ஈர சிமெண்ட் தரையில் பார்த்தேன். குட்டைப் பையன் ஒருவன் உள்ளங்கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய், பந்து வைத்திருந்த கூட்டாளியைக் காவல் காத்த எதிரணிக் காவலாளியின் வழியில் கைகளை மார்போடு சேர்த்துச் சிலையாக நின்றான். நகர்ந்தால் ஃபவுல். காவலாளி அவன் தோளில் இடித்துச் சுற்றி வர அரை நொடி ஆகும். பந்தோடு நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறவன் அதற்குள் இரண்டரை மீட்டர் தள்ளிப் போயிருப்பான்.

இப்போது சிலைப் பையனைக் காவல் காக்கும் எதிரணிக் காவலாளி முடிவெடுக்க வேண்டும். பந்தை நோக்கிப் பாய்ந்தால், சிலை சட்டென்று திரும்பி ரிங்கை நோக்கி ஓடும். பாயாமல் நின்றால், பந்துக்காரன் நிதானமாகக் குறிபார்ப்பான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி! எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்ததே இந்த நொடிதான்.

ஒரு நிபந்தனை. பந்துக்காரனுக்குத் தூரத்திலிருந்து போடத் தெரியாவிட்டால், காவலாளி ஸ்கிரீனுக்குப் பின்னால் சாவகாசமாக நடந்து வருவான், எல்லாம் வீண். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து நூற்றுக்கு 35 விழுந்தால் 105 புள்ளி. கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே நின்றால் ஒன்றுக்கு இரண்டு புள்ளிதான், 40 போட்டாலும் 80தான். உங்கள் ஆட்கள் எங்கிருந்து எத்தனை போடுகிறார்கள்? மேட்சுக்கு முன் போர்டு கம்பத்தில் எலுமிச்சம்பழம் கட்டுகிறார்கள். அந்தக் காசுக்கு ஒரு நோட்டு வாங்கி ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்.

சுத்தமாகக் குறி இல்லாதவனை மூலையில் நிறுத்தாதீர்கள். அவனுடைய காவலாளி அவனை விட்டுவிட்டு நடுவுக்கு வந்துவிடுவான். ஸ்கிரீன் நிற்க அவனையே கூப்பிடுங்கள்.